கட்டி முடியாத வீட்டின் லாபம்

மலேசியாவின் ரவாங்கில் எழும் ஒரு தரைவீட்டை எடுத்துக்கொள்வோம். விலை 500,000 வெள்ளி. வீட்டு விற்பனைக்கான ஜி அட்டவணை ஒப்பந்தப்படி கையெழுத்தானதும் 10%, அடித்தளம் முடிந்ததும் 10%, தூணும் உத்தரமும் எழுந்ததும் 15%. ஆக, அந்தக் கட்டத்தில் மேம்பாட்டாளர் 175,000 வெள்ளிக்குப் பில் போட்டிருப்பார். வருமானம் எவ்வளவு என்பது வேறு கணக்கு. 2018 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள எம்.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற கணக்கியல் தரநிலை, இத்தகைய ஒப்பந்தங்களில் வேலை நடக்க நடக்க வருமானத்தை எழுதச் சொல்கிறது.

இது சரியான விதி என்றே நினைக்கிறேன். சாவி கொடுக்கும்வரை காத்திருந்தால் 24 மாத உழைப்பு ஒரே ஆண்டின் லாபமாகக் குவியும். முந்தைய ஆண்டு வறண்டு தெரியும். இன்னொரு நன்மையும் உண்டு. வேலை முடிந்தும் பில் போடும் கட்டம் வராத தொகை ‘ஒப்பந்தச் சொத்து’ என்றும், கெடு வந்தால் கைக்கு வரவேண்டிய தொகை ‘வரவேண்டிய கடன்’ என்றும் தனித்தனியே நிற்கின்றன. வங்கி அதிகாரி இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாற வேண்டியதில்லை.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. மொத்தச் செலவு 400,000 என்று மதிப்பிட்டு, இதுவரை 160,000 செலவானால் வேலை 40% முடிந்ததாகக் கொள்வார்கள். வருமானம் 200,000, லாபம் 40,000. பில்லை மிஞ்சிய 25,000 ஒப்பந்தச் சொத்து. அந்த மதிப்பீடு உண்மையில் 450,000 ஆக இருந்திருக்க வேண்டும் என்றால்? லாபம் சுமார் 17,800 ஆகச் சரிகிறது. ஒப்பந்தச் சொத்து 2,800கூடத் தேறாது. தளத்தில் ஒரு செங்கல்கூட மாறவில்லை. அலுவலகத்தில் எழுதிய ஓர் எண் மட்டுமே மாறியது.

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. பிரிட்டனின் கட்டுமான நிறுவனமான கரில்லியன் 2017 மார்ச்சில் லாபம் காட்டி ஆண்டறிக்கை வெளியிட்டது. ஜூலையில் ஒப்பந்தங்களின் மதிப்பை 845 மில்லியன் பவுண்ட் குறைத்தது. 2018 ஜனவரியில் கலைப்புக்குப் போயிற்று.

மதிப்பீடு ஏன் குறைவாகவே நிற்கிறது? துணைக் குத்தகையாளர் கேட்கும் வி.ஓ. (மாற்று, கூடுதல் வேலை) தொகையை மேலே இருப்பவர் “பார்க்கலாம்” என்று ஒத்திப்போடுவது ஒரு முக்கியக் காரணம். ஒப்புக்கொள்ளாதவரை அது செலவு மதிப்பீட்டில் ஏறாது. இங்கே மறைந்த செலவும் அங்கே வராத கடனும் ஒரே பணம்தான். மேலே லாபம் பளபளக்கும்போது கீழே இருப்பவர் தொழிலாளர் சம்பளத்துக்குக் கடன் வாங்குகிறார். உத்தரவாதமாகப் பிடித்துவைத்த ரிடென்ஷன் பணம் வேறு முடங்கிக் கிடக்கும்.

2014 ஏப்ரல் 15 முதல் அமலிலுள்ள கட்டுமானக் கட்டண, தீர்ப்பளிப்புச் சட்டம், “எனக்கு வந்தால் உனக்குத் தருகிறேன்” என்ற நிபந்தனையைச் செல்லாததாக்கிவிட்டது. ஆனால் அடுத்த வேலை கைநழுவும் என்ற பயத்தில் சிறியவர்கள் தீர்ப்பளிப்புக்குப் போகத் தயங்குகிறார்கள். ஆகவே கணக்காய்வாளர்தான் முந்திக்கொள்ள வேண்டும்: செலவு மதிப்பீட்டை ஏற்குமுன், வந்துசேர்ந்த எல்லா கிளைம்களின் பட்டியலையும், தீர்க்காத வி.ஓ.க்கள் உட்பட, கேட்டு வாங்கி அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.