இரக்கமும் உரிமையும்: லாஸ் காசாஸ் அடிகளாரின் நூல் பற்றிய ஒரு நோக்கு

பதினாறாம் நூற்றாண்டிலே ஸ்பானியர் தாம் கைப்பற்றிய அமெரிக்க நாடுகளை 'இந்தியாக்கள்' என வழங்கினர். ஆங்குள்ள சுதேசிகள் பட்ட துன்பங்களை எடுத்துரைத்த நூல்களுட் பெரும்புகழ் பெற்றது, தொமினிக்கன் சபைத் துறவியாகிய பார்தொலொமே தெ லாஸ் காசாஸ் 1542 இல் எழுதி, 1552 இற் செவில் நகரில் அச்சிடுவித்த 'இந்தியாக்களின் அழிவு பற்றிய சுருக்க வரலாறு' ஆகும்.

அடிகளார் பிறர் கூறக் கேட்டவற்றை மட்டும் எழுதியவரல்லர். 1502 இல் இஸ்பனியோலாத் தீவை அடைந்த அவர், சுதேசிகளை வேலைக்காகக் குடியேறிகளுக்குப் பங்கிடும் 'என்கொமியெந்தா' முறையாற் பயன்பெற்றவர். 1514 இற் கியூபாவில் அப்பங்கைத் துறந்தவர். கண்டாரது சான்று என்பதே நூலின் பெருவலிமை.

ஆயினும், அதன் நடை ஆராய்தற்குரியது. சுதேசிகள் சாதுவான செம்மறிகள். ஸ்பானியர் பசித்த ஓநாய்கள். நாடுதோறும் இதே போக்கில் வரலாறு நகர்கின்றது. இறந்தோர் தொகையை ஆசிரியர் இலட்சக்கணக்கில் அடுக்கிச் செல்கின்றார். அவற்றை மிகையெனக் கொள்ளும் பிற்கால ஆய்வாளர் பலர். படிப்போர் உள்ளத்தில் இரக்கம் பெருகுகின்றது. ஆனால், செம்மறிக்கு இரங்குவோர் அதன் கருத்து யாதெனக் கேட்பதில்லை.

இக்குறைக்கு விலக்காக நூலில் ஓரிடம் உண்டு. இஸ்பனியோலாவிலிருந்து கியூபாவுக்குத் தப்பிச்சென்ற ஹத்துவே என்னுந் தலைவன் எரிக்கப்படுதற்காகக் கம்பத்திற் கட்டப்படுகின்றான். பாதிரியார் ஒருவர் மோட்சத்தைப் பற்றிக் கூறுகிறார். கிறித்தவர்களும் அங்கே செல்வரோ என அவன் வினவுகின்றான். நல்லோர் செல்வர் என்று அறிந்ததும், அவர்களைக் காணாதிருத்தற்காகத் தனக்கு நரகமே போதும் என மறுத்துவிடுகின்றான். இங்கே சுதேசி இரங்கத்தக்க பொருளாக அன்றி, எண்ணித் தீர்ப்பளிக்கும் மனிதனாக நிற்கின்றான். நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம்.

இவ்விடத்தில் வித்தாக உள்ள கருத்து, 1550–51 இல் வல்லதோலித் நகரில் நிகழ்ந்த வாதத்தில் மரமாயிற்று. சிலர் இயல்பாகவே அடிமைகள் என்னும் அரிஸ்டோட்டிலின் கொள்கையைத் துணைக்கொண்டு, செபுல்வேதா என்னும் அறிஞர் ஸ்பானியரின் போரை நியாயப்படுத்தினார். சுதேசிகளுக்கு நகரங்களும் அரசும் சட்டமும் கலைகளும் உண்டென அடிகளார் மறுத்தார். நரபலியும், தாம் கடவுளெனக் கொண்டதற்குத் தம்மிடமுள்ள உயர்ந்ததை அளிக்கும் எண்ணத்தாலேயே எழுந்தது. ஆதலின் அது போர் தொடுத்தற்குக் காரணமாகாது என்றார். பிற சமயத்தாரின் உள்ளத்துள் நின்று நோக்கிய இவ்வாதம், அக்காலப் பாதிரிமாரிடம் எளிதிற் காணத்தக்கதன்று.

இவ்வளவுகோலால் அளந்தால் அடிகளாரும் ஒருகாற் தவறியவரே. சுதேசிகளின் சுமையைக் குறைக்க ஆபிரிக்க அடிமைகளைத் தருவிக்கலாமென 1516 இல் அவர் ஆலோசனை கூறினார். பின்னர், 'இந்தியாக்களின் வரலாறு' என்னும் பெருநூலில் அதனைத் தம் பிழையெனத் தாமே கண்டித்தார். அந்நூல் 1875 இலேதான் அச்சேறத் தொடங்கியது.

1542 இற் பிறந்த புதிய சட்டங்களுள், என்கொமியெந்தா வழிவழியாகச் செல்வதைத் தடுத்த விதி, குடியேறிகளின் எதிர்ப்பால் 1545 இல் நீக்கப்பட்டது. இரக்கம் மட்டும் காவலாகாது என்பதற்கு இது சான்று. எனவே, 'சுருக்க வரலாற்றை'ப் படிப்போர், அதே 1552 இல் அச்சான வல்லதோலித் வாதத்தையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். முன்னது கொடுமையைக் காட்டுகின்றது. அது ஏன் கொடுமை என்பதைப் பின்னதே நிறுவுகின்றது.