மாற்று மரமும் மறுபதிப்பும்: ஒரு கிட்டார் விலை பற்றிய விசாரணை

இசை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, பாலக்காடு மணி ஐயரைப் பற்றியோ பெருவெம்பில் மிருதங்கத்துக்குத் தோல் கட்டுவதைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று எண்ணியிருப்பார்கள். சித்தூர் தாலுகாவில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் எலக்ட்ரிக் கிட்டார் பற்றி எழுதினால் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கிட்டார் எங்கள் வீட்டில் ஒரு வாதத்தைக் கிளப்பிவிட்டது. அந்த வாதம் நம் எல்லை மலைகளில் வந்து முடிந்ததால் இங்கே எழுதத் துணிகிறேன்.

தங்கை கல்லூரிச் செலவுக்காக என் மகன் தன் கிட்டாரை விற்கக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனான். 1960களின் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்து, 2019இல் மெக்சிகோவில் செய்து வெளியிட்ட மறுபதிப்பு அது. கடைக்காரர் வாசித்துப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பாவ் ஃபெர்ரோ போர்டு தம்பி. ரோஸ்வுட்டா இருந்தா நீங்க சொன்ன விலையே குடுத்துருவேன்” என்று சொல்லி, ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டார். அன்று ராத்திரி பையன் சாப்பிடவே இல்லை. “வாசிச்சப்ப நல்லாருக்குன்னாருப்பா. மரத்துப் பேரைச் சொன்னதும் விலை எறங்கிருச்சு” என்றான்.

வாசித்தபோது நல்லதாயிருந்த வாத்தியம் பெயரைக் கேட்டதும் எப்படிக் குறைந்துபோகும்? இக்கட்டுரை ஆராய முற்படுவது இந்த ஒரு கேள்வியைத்தான்.

முதலில், அது எந்தப் பாகம் என்று சொல்லிவிடுகிறேன். கிட்டாரின் கழுத்தின் மேல், தந்திகளுக்கு அடியில், ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பலகை ஒட்டியிருக்கும். ஃபிங்கர்போர்டு என்பார்கள், நான் விரல்பலகை என்கிறேன். உலோகக் கட்டைகள் இதில்தான் பதிந்திருக்கும். வீணையில் மெழுகின்மேல் 24 மெட்டுகள் நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1954இல் வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தனிப் பலகை கிடையாது. மேப்பிள் கழுத்திலேயே கட்டைகளைப் பதித்தார்கள். 1959இல்தான் ரோஸ்வுட் பலகை வந்தது. அது பிரேசில் நாட்டு மரம்.

அந்த மரம் அருகிப்போனது. 1969இல் மார்ட்டின் கம்பெனி தன் கிட்டார்களுக்குப் பிரேசில் மரத்தை விட்டுவிட்டு இந்திய மரத்துக்கு மாறியது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். 1992இல் பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகமே ஏறக்குறைய அடைபட்டது. இந்திய ரோஸ்வுட் என்பது வேறொன்றுமில்லை, நம் ஈட்டி மரம். மலையாளத்தில் வீட்டி என்றும் சொல்வார்கள். பழைய தமிழ்க்காரர்கள் தோதகத்தி, நூக்கு என்பார்கள். நெல்லியாம்பதி, பறம்பிக்குளம், இடுக்கி மலைகளில் நிற்கிற அதே மரந்தான்.

கவனிக்க வேண்டிய இடம் இது. இன்று அசல் என்று மதிக்கப்படுகிற ஈட்டியே அன்று மாற்று மரமாகத்தான் உள்ளே நுழைந்தது. “இது பிரேசில் இல்லையே” என்று அன்று அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். இன்றும் அந்தப் பழைய கணக்கு தீரவில்லை. 2003ஐ ஒட்டி, 1959 லெஸ் பால் கிட்டாரின் மறுபதிப்புகள் சிலவற்றில் கிப்சன் நிறுவனம் பிரேசில் பலகை போட்டது. ஈட்டிப் பலகை போட்ட அதே மாதிரியைவிட அவை பழஞ்சந்தையில் மிக அதிக விலைக்குப் போகின்றன.

பிறகு ஈட்டிக்கும் நெருக்கடி வந்தது. 2011இல் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்சன் ஆலைகளில் சோதனை போட்டு, இந்திய ஈட்டி, கருங்காலிப் பலகைகளைக் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு சமரசம் ஆயிற்று. இடைக்காலத்தில் அந்த நிறுவனம் வறுத்த மேப்பிளைப் போட்டது. சில மாதிரிகளில் காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்த ரிச்லைட் பலகைகூட வந்தது. 2017 ஜனவரி 2 முதல் சைட்டீஸ் பன்னாட்டு ஒப்பந்தம் ஈட்டியின் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. எல்லை தாண்டும் ஒவ்வொரு சரக்குக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது. அதனால் ஃபெண்டர் தன் மெக்சிகோ கிட்டார்களில் தென்னமெரிக்க மரமான பாவ் ஃபெர்ரோவுக்கு மாறியது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. 2023இல் அதே வரிசையின் இரண்டாம் பதிப்பு ஈட்டிப் பலகையோடு திரும்பி வந்தது. என் மகன் கிட்டார் அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளை.

சரி, சத்தத்தில் வித்தியாசம் உண்டா? எலக்ட்ரிக் கிட்டாரில் காந்தச் சுருள் கேட்பது எஃகுத் தந்தியின் அசைவை. விரலால் அழுத்தும்போது தந்தி படிவது உலோகக் கட்டைமேல், மரத்தின்மேல் அல்ல. கழுத்தின் விறைப்பும் எடையும் தந்தியின் அதிர்வைச் சற்றே பாதிக்கலாம், அவ்வளவுதான். மரத்துக்கு அதிக வேலை உள்ள அக்கூஸ்டிக் கிட்டாரிலேயே 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறு மரமாக ஆறு கிட்டார்கள் செய்து, மரம் கண்ணுக்குத் தெரியாதபடி 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்தார்கள். மலிவான மரத்துக்கும் அரிய மரத்துக்கும் அவர்கள் ஏறக்குறைய ஒரே மதிப்பைத்தான் கொடுத்தார்கள். இன்னொரு சான்றும் உண்டு. ஸ்டீவி ரே வாகன் என்ற பெரிய கலைஞரின் பெயரில் 1992 முதல் ஃபெண்டர் விற்கும் உயர்விலைக் கிட்டாரில் நெடுங்காலமாக இருப்பது பாவ் ஃபெர்ரோ பலகையே. அங்கே அது சிறப்பு, என் பிள்ளை கிட்டாரில் அது குறை. மரம் ஒன்று, மரியாதை இரண்டு!

இதோடு நிறுத்தினால் நான் மகன் கட்சி பேசினதாக ஆகிவிடும். கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் விற்பது வெறும் கிட்டார் அல்ல, மறுபதிப்பு. மறுபதிப்பு என்றால் என்ன என்று தமிழ் வாத்தியாருக்குத் தெரியாதா? உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தார். ஏட்டுக்கு ஏடு பாடம் மாறிய இடங்களை அவர் மறைக்கவில்லை. பிரதிபேதம் என்று குறித்துக் காட்டினார். மூலத்தில் இல்லாத சொல்லைச் சொல்லாமல் நுழைத்தால் அது எவ்வளவு அழகான சொல்லானாலும் பதிப்பு கெட்டதுதான். அறுபதுகளின் கிட்டார் என்று சொல்லி விற்கும்போது, வெளிறிய பழுப்புப் பலகையைப் பார்த்தவர் “இது அறுபதுகளில் இல்லையே” என்று கேட்டால் அது சரியான கேள்வியே. ஆக, அவர் குறைத்தது இசையின் விலையை அல்ல, பதிப்பின் விலையை. அதைச் சத்தத்தின் குறை என்று சொல்லும்போதுதான் தப்பு தொடங்குகிறது.

இனி நம் மலைக்கு வருகிறேன். நெடுங்கண்டம் பக்கம் என் மச்சினருக்குக் கொஞ்சம் ஏலமும் மிளகும் உண்டு. அவர் தோட்டத்து ஓரத்தில் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் ஈட்டி ஒன்று நிற்கிறது. ஓணத்துக்குப் போனபோது மகன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“மாமா, இதுல ஒரு கொம்பு போதும். பலகை எடுத்து மாத்திப் போட்டா என் கிட்டார் விலை ஏறிரும்ல?”

அவர் சிரித்தார். “மாப்ளே, பட்டயம் என் பேர்ல, மரம் சர்க்கார் பேர்ல. ராஜமரம்டா இது. நெழல் மட்டுந்தான் நமக்கு.”

கேரளத்தில் 1964 விதிகளின்படி பதித்துக் கொடுத்த நிலங்களில் ஈட்டி, தேக்கு, சந்தனம், கருங்காலி போன்றவை அரசுக்கே ஒதுக்கப்பட்டவை. 2020 அக்டோபரில் வந்த ஓர் ஆணையைக் காட்டி வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்களை வெட்டித் தள்ளினார்கள். 2021 பிப்ரவரியில் அந்த ஆணை ரத்தானது. விவகாரம் பெரிய வழக்காகிவிட்டது. தமிழ்நாட்டிலும் 1994இல் ஈட்டிக்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு வருஷ மரம் ஒரு ராத்திரியில் லாரி ஏறிவிடும் என்பதை எல்லையில் இருக்கிற நாம் நன்றாக அறிவோம். ஆனால் ‘அசல் ரோஸ்வுட்’ என்ற பெயர் தூர தேசத்துக் கடையில் விலையை ஏற்றும்போது, மரத்தைக் காத்து நிற்பவருக்கு அந்த ஏற்றத்தில் ஒரு காசும் வருவதில்லை. அந்த ஏற்றம் மரத்துக்கு ஆபத்தைத்தான் கூட்டுகிறது. மாற்று மரத்தை இழிவாகப் பேசுகிற ஒவ்வொரு பேச்சும் கடைசியில் அந்தத் தோட்டத்து ஓரத்து மரத்தின்மேல் வைக்கிற கோடாலிதான்.

மகனுக்கு இன்னொன்றும் விளங்கியது. பலகையை மாற்றினால் விலை ஏறாது, இறங்கத்தான் செய்யும். தொழிற்சாலை போட்டதைப் பிரித்துவிட்டால் அது அறுபதுகளின் கிட்டாரும் இல்லை, 2019இன் கிட்டாரும் இல்லை.

என் முடிவு இதுதான். மாற்று மரம் குற்றமல்ல; மாற்றியதைச் சொல்லாமல் விடுவதே குற்றம். விற்பவர் மரத்தின் பெயரை முதலிலேயே சொல்லட்டும். வாங்குபவர் முதலில் வாசிக்கட்டும், பெயரைப் பிறகு கேட்கட்டும். பதிப்புக்கு ஒரு விலை, வாத்தியத்துக்கு ஒரு விலை என்று பிரித்துப் பேசப் பழகினால் பாதி சண்டை தீரும். பிள்ளைகளுக்கு வீணை வாங்குகிற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். ஏகாண்ட வீணையா, ஒட்டு வீணையா என்று விலை விசாரிப்பதற்கு முன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை மீட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மகன் கடைசியில் அந்தக் குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டான். கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய தேதி வந்துவிட்டது; என் வாதத்தை எடுத்துக்கொள்ள அங்கே யாரும் தயாராயில்லை. வாங்கினவன் கொழிஞ்சாம்பாறைப் பையன்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் அவன் அதை வாசித்தான். பக்கத்தில் நின்ற என் மகன் காதருகில் சொன்னான்: “நல்லாத்தாம்ப்பா இருக்கு.”