விரிப்பு மாற்றும் கை

நர்சிங் மாணவிகள் கற்கும் கைவேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஊசி போடுவது அல்ல. எழ முடியாத நோயாளியைக் கட்டிலை விட்டு இறக்காமலே விரிப்பு மாற்றுவது.

"அப்படியே என் பக்கமா திரும்பிக்குங்க ஐயா" என்று ஒருத்தி அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொள்வாள். மற்றவள் பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புதியதில் பாதியை அதை ஒட்டி விரித்து, மூலையைச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் செருகுவாள். பிறகு அவரை அந்தச் சுருளின் மேலாக மறுபக்கம் திருப்பி, அழுக்கு விரிப்பை உருவி, புதியதை இழுத்துவிடுவார்கள். உதறக் கூடாது, கிருமி பறக்கும். சுருக்கம் இருக்கக் கூடாது. நாள்கணக்கில் படுத்திருப்பவருக்குப் படுக்கைப்புண் வர அதுவும் போதும். பேச்சுக் கொடுத்தபடியே விரிப்பு மாற்றுபவளின் கண் அவர் முதுகில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று தேடும். அந்தத் தேடல்தான் படிப்பு. மற்றதை வீட்டிலும் பழகலாம்.

இந்தப் படிப்புக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1909-இலேயே செவிலியர் பள்ளி தொடங்கியது. 1946-இல் பட்டப்படிப்பும் வந்தது. இன்று டிப்ளமோவுக்கு 3 ஆண்டு, பி.எஸ்சி.க்கு 4 ஆண்டு. தமிழக அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் வேலை என்றால் ஜெர்மன் மொழியிலும் தேற வேண்டும்.

மகளைச் சேர்க்கப் போகிறவர்கள் கல்லூரிக் கட்டடத்தை அப்புறம் பாருங்கள். நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் உண்டா, பயிற்சிக்கு நோயாளிகள் நிறைந்த ஆஸ்பத்திரி உண்டா என்று முதலில் கேளுங்கள்.