உறவின் இலக்கணம்

அமெரிக்கக் கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆடவரின் எழுத்துக்களை 1986இல் முதன்முதலாக நூலாகத் தொகுத்தளித்தவர் ஜோசப் பீம். 'பிரதர் டு பிரதர்' என்னும் அடுத்த தொகுதி முற்றுப்பெறுமுன், 1988இல் எயிட்ஸ் நோய்க்கு அவர் பலியானார். அவருடைய நண்பரான கவிஞர் எசெக்ஸ் ஹெம்பில், பிலடெல்பியாவில் பீமின் தாயார் டொரதியின் இல்லத்தில் தங்கி, அவ்வன்னையின் துணையோடு பணியை முடித்தார். 1991இல் நூல் வெளிவந்தது.

இதிலுள்ள கவிதை, கதை, கட்டுரை யாவும் ஒரே தரத்தன என நாம் கூறோம். ஆயினும், நிறவெறியும் சொந்தச் சமூகத்தின் புறக்கணிப்பும் ஒருங்கே நெருக்கியபோது, இவ்வெழுத்தாளர் 'சகோதரன்' என்னும் சொல்லுக்குப் புதுப்பொருள் கண்டனர். நோயுற்றோரைப் பேணுதலும் இறந்தோரின் எழுத்தைக் காத்தலும் அச்சொல்லின் கடமைகளாயின. மகனை இழந்த தாயும் நண்பனை இழந்த கவிஞனும் கூடியுழைத்தபோது, இரத்த உறவும் தேர்ந்துகொண்ட உறவும் ஒன்றாயின. குடும்பம் சிதைகிறதென ஓலமிடுவோர் இந்நூலைப் படித்தல் வேண்டும். குடும்பம் இங்கே விரிவடைந்திருப்பதையே நாம் காண்கிறோம்.