கப்பலும் செக்கும்: திரை இதழின் அட்டைப்படத் தெரிவில் தூத்துக்குடிக் கடற்கரை

ஆய்வுச்சுருக்கம்

ஒரு திரைப்படத்தை விளம்பரப்படுத்தும் பொருட்டுத் திரை இதழின் அட்டைக்கு ஒரு நிழற்படத்தைத் தெரிவு செய்வது அப்படத்திற்கு எழுதப்படும் முதல் விமர்சனமாகும். படம் எதைப் பற்றியது என்பதை வாசகர் அரங்கிற்குச் செல்லும் முன்பே அது உணர்த்திவிடுகிறது. தூத்துக்குடியைக் களமாகக் கொண்டு 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்தை முன்வைத்து இத்தெரிவின் தருக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. படத்தின் தலைப்பு கப்பலைச் சொல்ல, நினைவில் நின்ற உருவம் செக்காக அமைந்தது எங்ஙனம், அம்மாற்றத்தில் கரையும் கரையின் உழைப்பும் இழந்தவை யாவை என்பன இங்கு விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திரை இதழ், அட்டைப்படம், வ.உ.சிதம்பரனார், தூத்துக்குடி, தோணி, முத்துக்குளித்தல்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் கதை, உரையாடல், பாடல், அரசியல் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. படத்தை மக்களிடம் கொண்டு சேர்த்த அச்சுப்பொருள்களான பாட்டுப் புத்தகம், சுவரொட்டி, திரை இதழின் அட்டை முதலியன அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. ‘பேசும் படம்’, ‘குண்டூசி’ போன்ற இதழ்கள் பல்லாயிரம் வாசகரின் கண்ணில் முதலில் பட்டது அட்டையின் வழியாகவே. தனித்தனி இதழ்களின் அட்டைகளைப் பட்டியலிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு படத்தின் எண்ணற்ற காட்சிகளுள் ஒன்று அட்டைக்குரியதாவதற்கு எவை காரணங்களாகின்றன என்பதை ஒரு படத்தின் துணையோடு காண்பதே நோக்கமாகும்.

அட்டையின் இலக்கணம்

அட்டை என்பது நெட்டுவாக்கில் நிற்கும் ஒரு செவ்வகம். அதன் மேற்பகுதியை இதழின் பெயர் எடுத்துக்கொள்ளும். மாதம், விலை ஆகியவற்றிற்கும் இடம் விட வேண்டும். எஞ்சிய பரப்பில், பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கும் பல இதழ்களுக்கிடையே, நடந்து செல்பவரை நிறுத்தும் ஆற்றல் படத்திற்கு இருத்தல் வேண்டும். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சார்ந்து அடுக்கப்படும்போது அட்டையின் கீழ்ப்பகுதி மறைந்துவிடும். எனவே வடிவமைப்பாளர் முகத்தை மேலே வைக்கிறார். நிலம், நீர், கால்கள், கருவிகள் ஆகியன கீழே ஒதுங்குகின்றன. விற்பனைக் கடையின் இந்த எளிய நடைமுறையே முகத்தை முதன்மையாக்கிக் களத்தைத் துணையாக்கும் முதற்காரணம் எனலாம்.

அச்சுமுறையும் இதற்குத் துணைசெய்தது. கறுப்பு வெள்ளை நிழற்படத்தின்மீது கையால் வண்ணம் தீட்டி, மூவண்ண பிளாக்குகள் செய்து அச்சிட்ட காலத்தில், பெரிய முகம் தெளிவாக அமையும். தொலைவில் நிற்கும் கூட்டமோ கடலோ கலங்கிய நிறமாகிவிடும். நேருக்கு நேர் நோக்கும் முகத்தைக் கண்டு பழகிய கண்களும் இங்கு இருந்தன. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி.கொண்டைய ராஜுவும் அவர்தம் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான நாட்காட்டித் தெய்வங்கள் வீடுதோறும் சுவரிலிருந்து பார்ப்பவரை நோக்கின. நாடகத் திரைச்சீலை ஓவியராக இருந்தவர் கொண்டைய ராஜு. எனவே மேடை, நாட்காட்டி, திரை ஆகிய மூன்றுக்கும் பொதுவானதொரு பார்வை மரபு இக்கரிசல் நிலத்திலேயே வளர்ந்திருந்தது. அமெரிக்காவில் 1911இல் தொடங்கிய ‘ஃபோட்டோபிளே’ இதழும் நடிகையரின் முக ஓவியங்களையே அட்டைக்குப் பெரிதும் நாடியது என்பதை நோக்க, முகத்தின் ஆட்சி தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

அட்டைக்குரிய படத்தை இதழாசிரியர் மட்டும் தெரிவு செய்வதில்லை. தயாரிப்பாளர் தரப்பு எந்த நிழற்படங்களை வழங்குகிறதோ அவற்றிலிருந்தே அவர் எடுக்க முடியும். 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்திற்கு மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றிய பிலிம் நியூஸ் ஆனந்தன் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளராகக் கருதப்படுகிறார். நிழற்படங்களை இதழ்களுக்கு முறையாகக் கொண்டு சேர்ப்பது ஒரு தொழிலாக உருப்பெற்ற காலம் அது. ‘கப்பலோட்டிய தமிழன்’ அதற்கு மூன்றாண்டுகள் கழித்து வெளிவந்தது.

இரு படங்கள், ஒரே கூட்டணி

பி.ஆர்.பந்துலு இயக்கி, பத்மினி பிக்சர்ஸ் தயாரித்து, சிவாஜி கணேசன் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959இல் வெளியாயிற்று. அதே கூட்டணியில் ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961 நவம்பர் 7 அன்று வெளியாயிற்று. பாஞ்சாலங்குறிச்சியும் தூத்துக்குடியும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. இரு தலைவர்களின் வரலாற்றையும் நூலாக எழுதிப் பரப்பியவர் ம.பொ.சிவஞானம். இத்தனை ஒற்றுமைகள் இருந்தும், விளம்பரத்தின் நோக்கில் இவ்விரு படங்களும் எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன.

கட்டபொம்மன் வண்ணப்படம். முறுக்கிய மீசை, உருவிய வாள், அணிகலன், நிமிர்ந்த நெஞ்சு ஆகிய அனைத்தும் அட்டைக்கென்றே அமைந்தவை போன்றவை. அப்படத்தின் போர்க்காட்சிகளுள் பல ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியின் செம்மண் இல்லாமலேயே அதன் வீரனை அட்டையில் நிறுத்த முடிந்தது. வ.உ.சி. படமோ கறுப்பு வெள்ளை. அதன் நாயகர் தலைப்பாகையும் கோட்டும் அணிந்த வழக்கறிஞர். பின்னர்ச் சிறை உடையில் நலிந்த கைதி. இறுதியில் வறுமையுற்ற முதியவர். அவர் கையில் வாள் இல்லை. பங்குப் பத்திரமும் சட்ட நூலுமே உண்டு. கட்டபொம்மன் பெருவெற்றி பெற, பின்னது வெளியான காலத்தில் வசூலில் தோல்வியுற்றது. ஆயினும் 9ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழின் சிறந்த படமாக அது தேர்வு பெற்றது. தோல்விக்கு அட்டைப்படமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. எனினும் ஒரு முகத்தையும் ஓர் உடையையும் கொண்டு எளிதில் சுருக்கிவிட இயலாத கதை விளம்பரத்திற்குக் கடினமானது என்பதை இவ்வேறுபாடு உணர்த்துகிறது.

வேறொரு வழியும் இருந்தது. மாடசாமியாக ஜெமினி கணேசனும் கண்ணம்மாவாகச் சாவித்திரியும் அப்படத்தில் நடித்திருந்தனர். புகழ்பெற்ற அவ்விணையை அட்டையில் வைத்தால் இதழ் விற்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் காதல் படம் என்று எண்ணி அரங்கிற்கு வருபவர் நாற்பதாண்டுச் சிறைத் தீர்ப்பைக் கண்டு திரும்ப நேரிடும். வாசகரை வரவழைக்கும் படமும் கதைக்கு உண்மையான படமும் வேறுவேறாகும் இடத்தில்தான் அட்டைப்படத் தெரிவு அறம் சார்ந்த சிக்கலாகிறது.

கப்பல் அட்டைக்குள் அடங்காமை

தலைப்புக்கு நேர்மையான உருவம் கப்பலே. சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. ரூ.25 மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் திட்டமிடப்பட்டது. நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை ஏற்றார். எஸ்.எஸ்.காலியா, எஸ்.எஸ்.லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907இல் தூத்துக்குடி வந்து கொழும்பு வழித்தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியோடு போட்டியிட்டன. இவ்வரலாற்றின் சாரம் ஒரு தனி மனிதரின் துணிவோடு பலருடைய பணமும் நம்பிக்கையும் சேர்ந்ததில் உள்ளது.

ஆனால் கப்பல் கிடைமட்டமானது, அட்டை நெடுமட்டமானது. கப்பல் முழுதும் தெரிய வேண்டுமானால் அதன் மேல் நிற்கும் மனிதர் புள்ளியாகிவிடுவார். மனிதர் பெரிதானால் கப்பல் ஒரு கைப்பிடிக் கம்பியாகக் குறுகிவிடும். முகமில்லாத கூட்டு முயற்சிக்கு அட்டையில் இடமில்லை என்பதற்கு இவ்வடிவச் சிக்கல் நல்ல சான்று.

தூத்துக்குடியின் நிலவியலும் இங்குக் குறுக்கிடுகிறது. பழைய துறைமுகம் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டன. பயணிகளும் சரக்கும் தோணிகளிலும் படகுகளிலுமே கரைக்கும் கப்பலுக்கும் இடையே சென்று வந்தனர். ஆழ்கடல் துறைமுகம் அமைந்து, தூத்துக்குடி பெருந்துறைமுகமாக 1974இல் அறிவிக்கப்படும் வரை இந்நிலை நீடித்தது. ஆகவே கரையோரக் கப்பலின் முன்னே தலைவர் நிற்பதாக வரையப்படும் எந்த ஓவியமும் 1907ஆம் ஆண்டின் தூத்துக்குடியைக் காட்டுவதாகாது. இடையில் இருந்த தோணியையும் அதன் தொழிலாளரையும் அழித்த பிறகே அத்தகைய ஓவியத்தை வரைய இயலும்.

செக்கின் வெற்றி

இன்றளவும் அப்படத்தை நினைவூட்ட மிகுதியாக மறுபதிப்பாகும் நிழற்படங்களுள் ஒன்று சிறையில் செக்கிழுக்கும் சிவாஜியின் தோற்றம். வடிவமைப்பு நோக்கில் இதன் வலிமை வெளிப்படை. சாய்ந்த உடலும் செக்கின் மரமும் செவ்வகத்தின் குறுக்கே ஒரே கோடாக ஓடுகின்றன. பின்னணி விளக்கம் தேவையில்லை. எழுத்தறியாதவருக்கும் பொருள் விளங்கும். முகம் தாழ்ந்திருப்பதால் நாட்காட்டி மரபின் நேர்நோக்கு உடைகிறது. பார்ப்பவர் வழிபடுவதை விட்டு வருந்தத் தொடங்குகிறார். நட்சத்திரத்தின் அழகைக் காட்ட மறுக்கும் ஒரு படம் நட்சத்திரத்தின் நடிப்பாற்றலை விளம்பரப்படுத்துகிறது என்பது இதன் தனித்தன்மை.

இவ்வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. செக்கு கோயம்புத்தூர்ச் சிறையைச் சேர்ந்தது, தூத்துக்குடியைச் சேர்ந்ததன்று. அப்படத்தைத் தெரிவு செய்த கணத்தில் கடல் கதையிலிருந்து விலகுகிறது. ‘கப்பலோட்டிய’ என்னும் வினை செயலைக் குறிப்பது. செக்கின் உருவம் பட்ட துன்பத்தைக் குறிப்பது. ‘செக்கிழுத்த செம்மல்’ என்னும் தொடர் மேடைகளில் வழங்குமளவு பங்குதாரர் பட்டியல் நினைவுகூரப்படுவதில்லை. தண்டனை நினைவில் நிற்க, எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பது மங்குகிறது. இத்தொடரைத் திரைப்படமே படைத்தது என்பதற்கில்லை. அதற்குக் காட்சி வடிவம் தந்து நிலைநிறுத்தியதில் படத்தின் பங்கு பெரிது.

கரையின் உழைப்பு

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். வேலைநிறுத்தம் கூலி உயர்வோடு முடிந்தது. அடுத்த மாதமே தலைவர்கள் கைதாயினர். கப்பலும் ஆலையும் சேர்ந்தே அவரைச் சிறைக்கு அனுப்பின. எனினும் ஆலைத் தொழிலாளியின் முகம் அட்டைக்குரிய முகமாகக் கருதப்பட்டதில்லை.

இதே கரையின் மற்றொரு தொழிலுக்கும் இந்நிலையே நேர்ந்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் 1955 முதல் நடைபெற்ற முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. ‘கப்பலோட்டிய தமிழன்’ வெளியான அதே ஆண்டில் அத்தொழில் முடிவுற்றது. தொழில் மறைந்த பின்னரும் ‘முத்துநகர்’ என்னும் பெயர் நிலைத்து, தொடர்வண்டிக்கும் சூட்டப்பட்டது. 1967இல் வெளிவந்த கே.பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் முத்துக்குளித்தலும் தூத்துக்குடி வழக்கும் ஒரு பாடலுக்குச் சுவை கூட்டின. இடுப்பில் கயிறு கட்டிக் கல்லின் கனத்தோடு இறங்கியவரும், மேலே கயிறு பிடித்திருந்தவரும் பெயருக்குள் மறைந்துபோயினர். முத்து ஊரின் அட்டைப்படமாயிற்று. குளித்தவர் உள்ளே ஒரு பக்கத்திலும் இடம்பெறவில்லை.

மறுப்பும் விடையும்

அட்டை வரலாற்று நூல் அன்று, விற்பனைக்குரிய கருவி. அதனிடம் பங்குதாரரையும் தோணிக்காரரையும் எதிர்பார்த்தல் முறையோ என்று வினவலாம். வினா நியாயமானதே. 1948இல் ‘சந்திரலேகா’வை நாடெங்கும் விளம்பரப்படுத்திய எஸ்.எஸ்.வாசன் இதழாளராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர். அப்படத்தை நினைவூட்டும் முரசு நடனம் பெருங்கூட்டத்தின் உருவம். கூட்டத்தையும் ஓர் ஒழுங்கில் அமைத்தால் ஒற்றைப் படமாக்க முடியும் என்பதற்கு அது சான்று. எனவே கூட்டு உழைப்பை அட்டையில் வடிக்க இயலாது என்பது முற்றிலும் உண்மையாகாது. முன்புறம் தோணியில் துடுப்போடு நிற்பவர்கள், அவர்களுள் ஒருவராகத் தலைப்பாகையுடன் நாயகர், தொலைவில் சிறிதாக ஒரு கப்பல் என்று ஓர் அட்டையைக் கற்பனை செய்தால், முகமும் கிடைக்கும். தூத்துக்குடியின் ஆழமற்ற கடலும் பிழையின்றி அமையும். அவ்வாறான வடிவத்தை நோக்கி வழக்கம் செல்லாமைக்குக் கலையின் இயலாமையைக் காட்டிலும் நட்சத்திரம் தனித்து நிற்க வேண்டும் என்னும் சந்தை விதியே காரணமாகத் தோன்றுகிறது.

முடிவுரை

2013இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘கடல்’ மணப்பாட்டுக் கரையிலேயே படமாக்கப்பட்டது. அப்போதும் அறிமுக நடிகர் இருவரும் எந்த நட்சத்திரங்களின் பிள்ளைகள் என்பது இதழ்ச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. பிளாக் அச்சு போய்க் கணினி வடிவமைப்பு வந்த பின்னரும் முகமே மேலே, கரையே கீழே என்னும் ஒழுங்கு மாறிவிடவில்லை.

அட்டைப்படங்களைத் திரைப்பட வரலாற்றின் மூலச்சான்றுகளாகத் தொகுத்து ஆராய்வது தமிழாய்வின் உடனடித் தேவையாகும். நூலகங்களில் இதழ்களைத் தைத்துக் கட்டும்போது அட்டைகள் பெரும்பாலும் நீக்கப்படுவதால் இத்தேவை மேலும் கூடுகிறது. அவ்வாராய்ச்சியில் யார் இடம்பெற்றார் என்பதோடு, அவரைப் பெரிதாக்க யார் அகற்றப்பட்டார் என்பதும் கேட்கப்பட வேண்டும். ‘கப்பலோட்டிய தமிழன்’ என்னும் தலைப்பின் கீழ்ச் செக்கு இடம்பிடித்த கதை, அத்தகைய வினாவுக்குரிய முதற்சான்றுகளுள் ஒன்றாக அமைகிறது.