பொற்கொல்லன் பேச்சும் கண்ணகி வழக்கும்

மதுரைக் கோட்டையின் வாயிலில் காவல் நின்றவர் யவனர் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. வாளேந்திய அவ்யவனருக்கு எவ்வகை ஐயமும் எழாதபடி கோவலன் நகருக்குள் நுழைந்தான். காவலுக்கென்றே கடல் கடந்து வந்தவர்கள் அவனை ஐயுறவில்லை. அரண்மனைப் பொன்வேலை செய்து பிழைத்த ஒருவன் மட்டுமே அவனைக் கள்வன் என்றான். நாழிகை சில கழிவதற்குள் அதனை அரசனும் காவலரும் நம்பிவிட்டனர். ஒருவன் சொல்வதை மற்றவர் எவ்வாறு நம்புகின்றனர்? பொய் எவ்வாறு மெய்யின் உருக்கொள்கிறது? அந்த வாயிற்காவலரின் தாய்நாட்டில் இவ்வினாக்கள் தனியொரு கலையாகவே வளர்ந்திருந்தன. அக்கலையை வைத்துக்கொண்டு சிலம்பின் இரண்டு பேச்சுக்களை நோக்கினால் என்ன புலப்படும் என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம். இளங்கோவடிகள் யவனரிடம் பாடம் கேட்டார் என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்வோரும் இருக்கலாம். நமக்கு அந்த அவசரம் இல்லை.

கிரேக்கச் சொல்வன்மைக் கலையின் தொடக்கம் சிசிலித் தீவில் என்பர். கோராக்ஸ், திசியாஸ் என்னும் இருவர் அதன் முதலாசிரியர்களாகக் குறிக்கப்படுகின்றனர். அதே தீவின் லியோந்தினி நகரிலிருந்து கோர்கியாஸ் என்பார் கி.மு. 427-இல் ஏதென்சுக்குத் தூதராக வந்தார். அவருடைய பேச்சில் அந்நகரம் மயங்கிற்று. ஹெலனைப் புகழ்ந்து அவர் இயற்றிய உரையில், உடலுக்கு மருந்து எத்தகையதோ உள்ளத்துக்குச் சொல் அத்தகையது என்னும் கருத்து வருகிறது. மருந்து நோயையும் தீர்க்கும், உயிரையும் தீர்க்கும் அன்றோ? இதனைக் கண்டு அஞ்சியவர் பிளேட்டோ. சொல்வன்மை கலையே அன்று, வெறும் கைப்பழக்கம் என்றார் அவர். மருத்துவத்தின் அருகே சமையல் நிற்பதுபோல நீதியின் அருகே அது நிற்கிறது என்று இகழ்ந்தார். விவரம் அறியாதார் கூட்டத்தில் மருத்துவனைவிடப் பேச்சாளனே வெல்வான் என்பது அவர் காட்டிய குறை. அவர் மாணாக்கர் அரிஸ்டாட்டில் அக்கலையைப் புறந்தள்ளாமல் மூன்று பகுதிகள் கொண்ட நூலாகவே எழுதி வைத்தார்.

அந்நூலில் கோராக்சின் உத்தி ஒன்றை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார். ஒருவனை அடித்ததாக ஒரு மெலிந்த மனிதன்மேல் குற்றம் சாட்டப்படுகிறது. ‘நானோ வலுவற்றவன், நான் அடித்திருப்பேன் என்பது பொருந்துமா?’ என்பான் அவன். குற்றம் சாட்டப்பட்டவன் வலியவனாயின்? ‘என்னைத்தான் ஊரார் முதலில் ஐயுறுவர் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்வேனா?’ என்பான். மெய்ந்நிகழ்ச்சி எதுவாயினும் ஆகுக. நடந்திருக்கக்கூடும் என்னும் தோற்றம் போதும், அதனை எப்புறமும் திருப்பலாம். இத்திருப்பத்தை மனத்திற் கொண்டு நாம் கொலைக்களக் காதைக்குள் நுழைவோம்.

கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றத்தில் கள்வனாகத் தெரியவில்லையே என்கின்றனர். அவர்கள் கண்ட உண்மை அது. பொற்கொல்லன் அதனை மறுக்கவில்லை. மாறாக அதனையே பற்றிக்கொள்கிறான். கள்வனாகத் தோன்றாமையே தேர்ந்த கள்வனுக்கு அடையாளம் என்று திருப்பிவிடுகிறான்! சிசிலியில் பிறந்த உத்தி மதுரைச் சேரியில், எவரும் கற்றுக்கொடுக்காமல், நாக்கின் நுனிக்கு வந்துவிடுகிறது. அடுத்து அவன் களவு நூலையே விரிக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டும் கள்வருக்குத் துணை என்று எண்ணிக் காட்டுகிறான். கோர்கியாசின் மருந்தும் அப்பட்டியலில் இருப்பதைக் கண்டு நாம் புன்னகை செய்யலாம். பின் கதை வருகிறது: தூதன் கோலத்தில் வாயிலில் இருந்து, இரவிற் பெண் கோலத்தில் உட்புகுந்து, உறங்கிய இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்து மறைந்த கள்வன் ஒருவனின் கதை. பட்டியலும் கதையும் கேட்ட காவலரில் ஓர் இளைஞன் தானும் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறான்; மழைக்கால இருளில் தன் கைவாளையே பறித்துச் சென்ற கள்வனைப் பற்றியது அது. அரசன் நம்மைத் தண்டிப்பானே என்னும் அச்சமும் அவன் பேச்சில் ஏறுகிறது. இதன் பிறகு பேச்சுக்கு வேலையில்லை. கல்வியறிவில்லாத குடியன் ஒருவன் வாளை வீசுகிறான்.

அடிகளின் நுட்பம் இங்கே நம்மை வியக்க வைக்கிறது. கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவனே இப்பொற்கொல்லன். மதிப்பான கோலத்தோடு அரண்மனை வாயிலில் இருந்துகொண்டு உள்ளே கைவைத்த கள்வனின் கதையை அவன் சொல்லும்போது தன் வரலாற்றையே சொல்கிறான்; கேட்போருக்கு அது தெரியவில்லை. பிளேட்டோ பக்கம் பக்கமாக வாதிட்டதை, களவு நூலைக் கள்வன் வாயாலேயே விரித்துரைக்கச் செய்து அடிகள் முடித்துவிடுகிறார்.

இக்காட்சி முழுவதிலும் கோவலன் தன் பொருட்டு ஒரு சொல்லும் பேசவில்லை. கி.மு. 399-இல் சாக்ரட்டீசுக்கு ஏதென்சு நஞ்சு கொடுத்தது என்றாலும், ஏறத்தாழ ஐந்நூறு நடுவர் முன்பு அவர் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்க நேரம் தந்தது. கோவலனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அரசன்தான் கேட்டானா? ஊடிய தேவியைத் தேடி அவன் சென்றுகொண்டிருந்த வழியிலேயே பொற்கொல்லன் குறுக்கிட்டான். நின்று கேட்க அவனுக்குப் பொழுதில்லை. ‘கொல்வதற்கு’ என்று எண்ணியது நாத்தவறிக் ‘கொன்று’ என வந்தது என்று பரிவோடு விளக்கம் சொல்வோரும் உண்டு. நமக்கு அவ்விளக்கம் போதுமானதாகப் படவில்லை. தவறியது நா அன்று, செவி.

இனிக் கண்ணகியின் பேச்சு. நம் பட்டிமன்ற மேடைகளில் அவளுடைய விரிந்த கூந்தலும் சிவந்த கண்ணும் பேசப்படும் அளவுக்கு அவள் பேச்சின் ஒழுங்கு பேசப்படுவதில்லை. அவள் யார் என்று மன்னன் வினவுகிறான். அவள் தன் பெயரை உடனே சொல்வதில்லை. முதலில் மன்னனை ஆராயாதவன் என்று விளிக்கிறாள். அடுத்து ஒரு புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சொல்கிறாள். ஒரு கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைச் சொல்கிறாள். அவர்கள் ஆண்ட புகார் என் ஊர் என்கிறாள். அதன் பின்னரே மாசாத்துவான் மகன் கோவலன், சிலம்பு விற்க வந்து உன்னாற் கொலையுண்டவன் என்று வழக்கு வருகிறது. கண்ணகி என்னும் பெயர் அனைத்துக்கும் கடைசியில் வருகிறது.

அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுக்குத் தம் நூலில் தனியிடம் தருகிறார். அதனினும் மேலாக அவர் மதிப்பது ஒரு படி குறைந்த வாதம்: பேசுபவர் ஒரு படியைச் சொல்லாமல் விட, கேட்பவர் அதனைத் தாமே இட்டு நிரப்பிக்கொள்வது. கண்ணகி புறாவையும் கன்றையும் சொன்னாள். ‘என் கணவன் புறாவினும் கன்றினும் தாழ்ந்தவனா?’ என்று கேட்கவில்லை. ‘அவர்கள் தம்மையே ஈடு வைத்தார்கள், நீ என்ன வைப்பாய்?’ என்றும் கேட்கவில்லை. அவ்விரு படிகளையும் நிரப்பவேண்டியவன் அரியணையில் இருக்கிறான்.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று மன்னன் விடை கூறுகிறான். சட்டப்படி அதில் பிழையில்லை. உடனே அவள் சான்றுக்கு வருகிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தேவியின் சிலம்புப் பரல் முத்து என்கிறான் அவன். சாட்சி, ஆவணம் போன்றவற்றைப் பேச்சுக் கலைக்குப் புறம்பான சான்றுகள் என்று அரிஸ்டாட்டில் பிரிப்பார். அவை பேச்சாளன் படைப்பன அல்ல, பயன்படுத்துவன. சிலம்பு அத்தகையது. அதனை உடைத்தபோது தெறித்த மாணிக்கம் வழக்கை முடித்தது. ஆனால் வழக்கு முடிந்தால் தீர்ப்பைத் திருத்தி, இழப்பீடு தந்து, பொற்கொல்லனைத் தண்டித்து மன்னன் வாழ்ந்திருக்கலாமே? அவன் உயிர் நீத்தது மாணிக்கத்தால் மட்டுமன்று என்பது நம் கருத்து. சிபி தசை தந்தான். சோழன் மகனைத் தந்தான். பாண்டியன் கள்வன் என்னும் பெயரைத் தன்மேலேயே ஏற்றிக்கொண்டு உயிரைத் தந்தான். கண்ணகி சொல்லாமல் விட்ட முடிவை அவன் தன் உடலால் சொல்லி நிறைவு செய்தான். இரண்டு எடுத்துக்காட்டுகள் மூன்றாயின. சொல் ஒருவன் நெஞ்சிற் சென்று தைத்ததற்கு இதனினும் பெரிய சான்று யவன இலக்கியத்தில் நமக்குத் தென்படவில்லை.

ஏதென்சு மன்றத்தில் பெண் தன் வழக்கைத் தானே பேச இயலாது. ஆடவன் ஒருவன் அவளுக்காகப் பேசவேண்டும். அந்நகரின் சொற்கலையை வளர்த்தவருட் பலர் அந்நகரினர் அல்லர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கோர்கியாஸ் தூதர், அரிஸ்டாட்டில் ஸ்டாகிராவிலிருந்து வந்து தங்கியவர், பிறருக்கு வழக்குரை எழுதிக் கொடுத்துப் புகழ்பெற்ற லிசியாஸ், சிரக்கூசிலிருந்து குடியேறிய குடும்பத்தவர், குடியுரிமை அற்றவர். வேற்றூரில் வாழ்பவனுக்குச் சொல்லை எண்ணிப் பேசும் பழக்கம் தானாக வந்துவிடும் போலும். கண்ணகியும் மதுரையில் வேற்றூராள்.

பொற்கொல்லனும் உத்தி அறிந்தவன், கண்ணகியும் உத்தி அறிந்தவள். எனவே சிலம்பு சொல்வன்மையைக் கடியவுமில்லை, வாழ்த்தவுமில்லை. அது தேர்ந்து பார்ப்பது கேட்பவனை. வழியில் நின்றும் நில்லாமலும் கேட்ட பாண்டியன் கொலைக்கு உடன்பட்டான்; அதே பாண்டியன் அவையில் அமர்ந்து, வந்தவளை உள்ளே விடச் சொல்லி, வினவி, சிலம்பைக் கொணரச் செய்து கேட்டபோது நீதி பிறந்தது. வள்ளுவர் சொல்வன்மையை அமைச்சனுக்கு வகுத்த அதிகாரங்களில் வைத்துவிட்டுக் கேள்வியை அரசியலில் வைத்ததன் கருத்தும் இதுவாகலாம்.

கேட்போரைப் பற்றி எண்ணும்போது பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்து நம் நினைவுக்கு வருகிறது. பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் 21 விளக்குகளின் ஒளியில் கம்பனின் தமிழ்ப் பாடல்களைச் சொல்லி, மலையாளம் விரவிய தமிழில் இரவெல்லாம் புலவர்கள் பொருள் விரிக்கின்றனர். தாருகனோடு போர்புரிந்ததால் இராம இராவணப் போரைக் காணாத காளிக்காகச் செய்யப்படுவது என்பது மரபு. பல இரவுகளில் திரைக்கு முன்னே மனிதர் எவரும் இருப்பதில்லை. புலவர்கள் குரலைத் தாழ்த்துவதுமில்லை, வாதத்தைச் சுருக்குவதுமில்லை. பேச்சின் முடிவிடம் கேட்போனே என்ற அரிஸ்டாட்டில் இதனைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

பாலக்காட்டிலிருந்து தெற்கே, இடுக்கி மலைகளில், மங்கலதேவி கோட்டம் இருக்கிறது. பழைய உரைகாரர் வேறு மலைகளைச் சுட்டியதுண்டு; ஆயினும் 1963-இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இதனைக் கண்ணகி கோட்டமென அடையாளம் காட்டிய பின் தமிழர் நெஞ்சில் இவ்விடமே நிலைத்துவிட்டது. ஆண்டில் ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, குமுளியிலிருந்து ஜீப்பிலும் பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறுகின்றனர். வழக்குரைத்து வென்றவளின் கோட்டம் யாருக்கு என்னும் வழக்கோ இரு மாநிலங்களுக்கிடையே நீள்கிறது.

1956-இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. தலைமுறைகளாக அங்குத் தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பங்கள், பேரப்பிள்ளைகளின் படிப்புக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்கும்போது, 1950-க்கு முன்பே இங்கிருந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களுக்கு எழுத்து எங்கிருந்து வரும்? ஒருமுறை ஒரு மூதாட்டியாருக்குத் துணையாக, மலையாளத்தில் எடுத்துச் சொல்வதற்காக, நாம் ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தோம். அவர் புடவைத் தலைப்பில் பொதிந்து எடுத்து வந்திருந்தது ஒரு பித்தளைச் சொம்பு. மாமனார் பெயரும், எஸ்டேட்டின் பெயரும், 1946 என்னும் ஆண்டும் அதில் வெட்டியிருந்தன. யார் என்று கேட்டதற்கு அவர் முதலில் சொன்னது மாமனாரின் ஊரை; தம் பெயரைக் கடைசியில்தான் சொன்னார். மேசைக்கு அப்பால் இருந்தவர் சொம்பைக் கையில் வாங்கவில்லை. எவ்வளவு சொல்வன்மை இருந்தாலும் அவ்விடத்தில் நாம் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றளவும் நமக்கு விளங்கவில்லை.

சேர நாட்டில் கண்ணகியின் செய்தி வேறு விதமாகக் கேட்கப்பட்டது. மலைக்குறவர் தாம் கண்டதை வந்து சொல்கின்றனர். செங்குட்டுவன் அமர்ந்து கேட்கிறான். உடனிருந்த சாத்தனார் மதுரையில் நிகழ்ந்ததை விரிக்கிறார். மன்னன் தன் தேவியிடம், கணவனோடு உயிர் விட்ட பாண்டிமாதேவி, சினந்து நம் நாடு அடைந்த இப்பெண், இவ்விருவருள் வியக்கத்தக்கவர் யார் என்று வினவுகிறான். முன்னவள் வானுலகில் சிறப்புப் பெறட்டும், நம் நாட்டுக்கு வந்தவளை நாம் வழிபடவேண்டும் என்பது அவள் விடை. இமயத்துக் கல்லும் படையெடுப்பும் வஞ்சிக் காண்டம் முழுவதும் அந்த ஒரு விடையிலிருந்து கிளைக்கின்றன.

கோயில் எழுந்தபின் வாழ்த்துக் காதையில் கண்ணகி தெய்வ வடிவில் தோன்றுகிறாள். அங்கு அவள் சொல்வது, பாண்டியன்மேல் குற்றமில்லை என்பதும், தான் அவன் மகள் என்பதும். மதுரையில் குற்றம் சாட்டியவளே வஞ்சியில் அவனை விடுவித்துவிடுகிறாள். உரையாசிரியர்கள் இதற்குப் பலவாறு பொருள் கண்டிருக்கலாம். தன் பேச்சை இறுதிவரை கேட்ட ஒருவனுக்கு அவள் அளித்த உறவுப் பெயர் அது என்றே நாம் கொள்கிறோம்.