ஊதா வாளுக்கு எந்த எல்.இ.டி.?

ஸ்டார் வார்ஸ் படங்களில் நல்லவர்களின் ஒளிவாள் பெரும்பாலும் நீலத்திலோ பச்சையிலோ இருக்கும். வில்லன்களுடையது சிவப்பு. 2002இல் வந்த ‘அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்’ படத்தில் மேஸ் விண்டு மட்டும் ஊதா வாளோடு களத்தில் இறங்குவார். அந்த வேடத்தில் நடித்த சாமுவேல் எல். ஜாக்சன், பெரிய சண்டைக் கூட்டத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும் என்பதற்காக இயக்குநர் ஜார்ஜ் லூகாஸிடம் கேட்டு வாங்கிய நிறம் அது. படத்தில் அந்த ஒளியைக் கணினியில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் செய்பவர்கள் நிஜமாகவே எரியவிட வேண்டும். பச்சை வாளோ சிவப்பு வாளோ செய்வது சுலபம். எல்.இ.டி., பேட்டரி, குழாய் மூன்றில் எதில் குறை இருந்தாலும் ஊதா காட்டிக்கொடுத்துவிடும்.

அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் மூன்று வகை எல்.இ.டி.களை ஒரே பால்வெள்ளைக் குழாய்க்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

முதல் வகை, 395 முதல் 405 நானோமீட்டர் வரை உமிழும் எல்.இ.டி. வானவில்லின் ஓரத்து நிறம் இது. கலக்கவே வேண்டாம், நேரடியாக ஊதா வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் நம் கண் அந்த ஓரத்தில் மிக மந்தமானது. நிறைய மின்சாரம் செலவழித்தும் வாள் மங்கலாகவே தெரிகிறது. பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டைதான் வாளைவிடப் பளிச்சென்று நீலமாக மின்னுகிறது. மங்கலாக இருப்பதால் உற்றுப் பார்க்கவும் தோன்றும், அது கண்ணுக்கு நல்லதில்லை. குழந்தைகள் கையில் கொடுக்கப்போகும் பொருளில் இதை வைக்கவே கூடாது.

இரண்டாவது, தனித்தனிச் சிவப்பு, நீல எல்.இ.டி.கள். செலவு மிகக் குறைவு, கன்ட்ரோலரும் தேவையில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வோல்டேஜ். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டில் எரியும், நீலத்துக்கு 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இரண்டையும் இணையாகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் மின்னோட்டம் முழுவதும் சிவப்பின் வழியாகவே போய்விடும், நீலம் எரியாது. ஆளுக்கொரு ரெசிஸ்டர் கட்டாயம். 5 வோல்ட் சப்ளையில் 20 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் சிவப்புக்கு 150 ஓம், நீலத்துக்கு 100 ஓம் போதும். அதன்பின் சிவப்பின் ரெசிஸ்டரை ஏற்றிக்கொண்டே போனால் ரோஜா நிறம் ஊதாவாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரே ஒரு லித்தியம் பேட்டரியில் ஓட்டினால் இன்னொரு சிக்கல். முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும்போது அருமையான ஊதா. பேட்டரி 3.4 வோல்ட்டுக்கு இறங்கும்போது நீலத்துக்கு மூச்சு முட்டுகிறது, சிவப்பு அதிகம் அசையவில்லை. வாள் மெல்ல மெல்ல ரோஜா நிறத்துக்குச் சாய்கிறது. நிறம் நிலையாக நிற்க வேண்டுமானால் 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் பூஸ்ட் போர்டு ஒன்று வேண்டும்.

மூன்றாவது, மீட்டருக்கு 144 எல்.இ.டி. உள்ள டபிள்யூஎஸ் 2812பி ஸ்ட்ரிப்பைச் சிறு மைக்ரோ கன்ட்ரோலரோடு இணைப்பது. என் தேர்வு இதுதான். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே கூட்டுக்குள் நெருக்கமாக இருப்பதால் கலவை நன்றாக விழுகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை அளவு கொடுக்கலாம். சிவப்பு 255, நீலம் 255 என்று சமமாகக் கொடுத்தால் வருவது பளீரென்ற மெஜந்தா. சிவப்பை 128ஆகக் குறைத்தால் பாதி ஒளி, ஆனால் கண்ணுக்கு அது முக்கால் பங்காகத் தெரியும் என்பதால் சிவப்பை இன்னும் கீழே இறக்க வேண்டும். நீலம் 255, சிவப்பு 80, பச்சை சுழியம். இந்த அளவில்தான் எனக்கு மேஸ் விண்டுவின் நிறம் கிடைத்தது. பச்சையைக் கொஞ்சம் சேர்த்தாலும் நிறம் வெளுத்துவிடுகிறது.

இந்த அளவை டியூப்லைட் வெளிச்சத்தில் முடிவு செய்யாதீர்கள். இருட்டில் நம் கண் நீலத்துக்குக் கூர்மையாகவும் சிவப்புக்கு மந்தமாகவும் மாறிவிடும். வெளிச்சத்தில் சரியாக இருந்த ஊதா, இருண்ட அரங்கில் நீலச்சாயல் காட்டும். வாளை எங்கே பிடிக்கப்போகிறோமோ அந்த வெளிச்சத்தில் வைத்தே சிவப்பைத் திருத்துங்கள்.

ஸ்ட்ரிப்பிலும் வோல்டேஜ் பிரச்சினை உண்டு. 80 செ.மீ. வாளில் நூற்றுக்கும் மேற்பட்ட எல்.இ.டி.கள் ஒரே மெல்லிய செம்புத் தடத்தில் மின்சாரம் வாங்குகின்றன. நுனிக்குப் போகும்போது வோல்டேஜ் குறைகிறது, அங்கும் முதலில் சோர்வது நீலம்தான். பிடியருகே ஊதாவும் நுனியில் ரோஜாவுமாக வாள் இரண்டுபடும். நீல வாளாக இருந்தால் இலேசாக மங்குவதோடு போயிருக்கும். நுனிக்கும் தனியாகத் தடிமனான மின்கம்பி இழுத்துச் சால்டர் செய்தால் இது தீரும்.

குழாய் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், அக்ரிலிக் அடிபட்டால் விரிசல் விடும். எல்.இ.டி.க்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டு ட்ரேசிங் பேப்பர் ஒரு சுற்றுச் சுற்றினால் சிவப்பும் நீலமும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியாது. தனித்தனி எல்.இ.டி.கள் கொண்ட இரண்டாவது வகைக்கு இது இன்னும் அவசியம். அப்படியும் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, குறிப்பாகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு, சிவப்பு வாளைச் சுற்றி நீல ஒளிவட்டம் போலத் தெரியலாம். நம் கண்ணின் லென்ஸ் இரண்டு நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. எந்தக் குழாயாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

செல்போனில் படம் எடுக்கும்போது ஊதா வாள் பெரும்பாலும் நீலமாகவே பதிகிறது. எக்ஸ்போஷரைக் குறைத்து, ஒயிட் பேலன்ஸை நிலையாகப் பூட்டிய பிறகு நிறம் ஓரளவு திரும்புகிறது. அதுவும் போதவில்லை என்றால் படப்பிடிப்புக்கென்று சிவப்பு 120 என்ற இன்னொரு அளவை ஒரு பட்டனில் சேமித்து வைக்கலாம். வீடியோவில் இந்த ஸ்ட்ரிப் வரிவரியாக ஓடுவதும் உண்டு. பழைய வகைகள் நொடிக்கு 400 முறை அளவில்தான் அணைந்து எரிகின்றன. குறும்படத்துக்காக வாள் செய்பவர்கள் நொடிக்கு ஏறத்தாழ 20,000 முறை எரிந்தணையும் ஏபிஏ 102 ஸ்ட்ரிப்பை வாங்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் வரி விழாது. மேடைக்கும் மாறுவேடத்துக்கும் 2812பி தாராளம். மோதிரமோ மந்திரக்கோலோ போன்ற சின்னப் பொருள் என்றால் ஸ்ட்ரிப்பே வேண்டாம், ஒரு சிவப்பு, ஒரு நீலம், இரண்டு ரெசிஸ்டர் போதும்.